பெயருக்கும் பட்டா உண்டு

கோலார் தங்கவயலின் நவீன வரலாறு கடப்பாரையில் தொடங்கவில்லை. ஒரு விண்ணப்பத்தில் தொடங்கியது. அந்த மண்ணில் பொன் இருக்கிறது என்பது உள்ளூர்க்காரர்களுக்குப் பழைய சேதி. 1802இல் அங்கே வந்த பிரிட்டிஷ் படை அதிகாரி ஜான் வாரன், உரிகம், மாரிக்குப்பம் பக்கத்துக் கிராமத்தார் மண்ணை அலசிப் பொன் எடுப்பதை நேரில் பார்த்து எழுதி வைத்தார். அவர்கள் யாரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு எடுத்தவர்கள் அல்லர். பல பத்தாண்டுகள் கழித்து மைக்கேல் லவேல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் மைசூர் அரசிடம் விண்ணப்பம் போட்டார். 1875இல் சுரங்கம் தோண்டும் உரிமை அவர் கைக்கு எழுத்தில் வந்தது. அது கைமாறிக் கைமாறி, 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத்துக்குப் போனது. அடுத்த 120 ஆண்டுகளில் அந்தப் பூமிக்குள்ளிருந்து சுமார் 800 டன் தங்கம் வெளியே வந்ததாகக் கணக்கு. முதலில் எடுத்தவர்கள் ஒருபுறம், முதலில் எழுதி வாங்கியவர் மறுபுறம். வென்றது எழுத்து.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பலர், அதன்பின் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஆனார்கள். ஊரிலேயே நின்றவர்களில் சிலர் மெஸ் வைத்தார்கள், தையல் கடை போட்டார்கள், மசாலாப் பொடி அரைத்து விற்றார்கள். பூமிக்கடியில் இருந்த சொத்து போனபின், ஊரிடம் மிஞ்சியதில் ஒன்று அதன் பெயர். 2018, 2022 ஆண்டுகளில் வந்த இரண்டு கன்னடப் படங்கள், ஊர்ப் பெயரின் ஆங்கிலச் சுருக்கமான ‘கே.ஜி.எஃப்.’ என்ற மூன்று எழுத்தை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. 

அப்படியானால் அந்த எழுத்துகள் யாருடையவை? தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் பொடிக் கடை வைத்திருப்பவர் அதை டிரேட்மார்க்காகப் பதிவு செய்து, ‘இனி என்னைத் தவிர யாரும் வைக்கக் கூடாது’ என்று சொல்ல முடியுமா? சுரங்க உரிமைபோல, முந்திப் போய் எழுதி வாங்கியவருக்கே எல்லாமும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெயர் விஷயத்தில் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அது யோசித்து வைத்திருக்கும் வழி வேறு.

குறி எதற்கு?

ஒரு வளையலைக் கையில் வாங்கிப் பார்க்கிறவருக்கு அதில் எத்தனை பங்கு தங்கம், எத்தனை பங்கு செம்பு என்று தெரியாது. விற்கிறவருக்குத் தெரியும். வாங்குபவருக்குத் தெரியாததை விற்பவர் தெரிந்துவைத்திருக்கும்போது சந்தை என்ன ஆகும் என்று ஆராய்ந்தவர் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லோஃப். நல்ல சரக்குக்கும் மட்ட சரக்குக்கும் வேறுபாடு தெரியாவிட்டால் வாங்குபவர் நல்லதற்கும் குறைந்த விலைதான் தருவார். கட்டுப்படியாகாத நல்ல வியாபாரி விலகுவார். கடைசியில் மட்ட சரக்கே மிஞ்சும். 1970இல் அவர் எழுதிய கட்டுரை இது. தங்கவயல் மூடிய அதே 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சரிவைத் தடுக்கும் ஏற்பாடுகளில் ஒன்றாக அவர் குறிப்பிட்டது, பொருளின் மேல் இருக்கும் வணிகப் பெயர். சரக்கு மோசமானால் வாங்கியவர் அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை ஒதுக்குவார். பெயர் கெட்டால் நஷ்டம் என்ற பயமே தரத்துக்குப் பிணை.

இந்த உத்தியை முதலில் சட்டமாக்கிய இடங்களில் ஒன்று பொன், வெள்ளி வேலை. இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டு முதல், சோதித்துப் பார்த்த வெள்ளியில் சிறுத்தைத் தலை முத்திரை குத்தினார்கள். 1363இல் செய்தவரும் தன் சொந்தக் குறியைப் பதிக்க வேண்டும் என்றார்கள். ஆக இரண்டு குறிகள்: ஒன்று ‘தரம் இது’ என்று சொல்கிறது, மற்றது ‘செய்தவர் இவர்’ என்று சொல்கிறது. இன்று நகைக்கடையில் நாம் பார்க்கும் ஹால்மார்க் முதல் வகை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குறி, 22 காரட் என்றால் 916 என்ற தூய்மை எண், ஆறு இலக்க அடையாளக் குறியீடு ஆகியவை அதில் இருக்கும். 2021 ஜூன் 16இல் முதலில் 256 மாவட்டங்களில் இது கட்டாயமானது. டிரேட்மார்க் இரண்டாம் வகை. அது தரத்துக்கு அரசு தரும் சான்று அல்ல. ‘போன தடவை நீ வாங்கிய அதே இடத்துச் சரக்குதான் இது’ என்று மட்டும் சொல்கிறது. அந்த ஒரு வாக்கியம் பொய்யாகாமல் காப்பதுதான் டிரேட்மார்க் சட்டத்தின் முழு வேலையும்.

படிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்த வாக்கியம் புரிந்தாக வேண்டும். அதனால்தான் நம் பாட்டிமார் காலத்துத் துணி மூட்டையிலும் தீப்பெட்டியிலும் யானையும் மயிலும் தெய்வங்களும் வந்தன. ‘யானை மார்க் கொடு’ என்று கேட்டு வாங்கிய தலைமுறை அது. பிரிட்டனில் 1875இல் வந்த பதிவுச் சட்டத்தின் கீழ், 1876 ஜனவரி 1இல் முதல் எண்ணில் பதிவானதும் ஒரு படம்தான்: பாஸ் மதுபான நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம். இந்தியாவில் போலிக் குறிகளைத் தண்டிக்கும் சட்டம் 1889இல் வந்துவிட்டது. ஆனால் குறிகளுக்கென்றே ஒரு பதிவேட்டை ஏற்படுத்திய சட்டம் 1940இல்தான் வந்தது. பிறகு 1958, அதன்பின் இப்போது நடைமுறையில் இருக்கும் 1999ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டம். இது அமலுக்கு வந்தது 2003 செப்டம்பர் 15இல். சொல், படம், எழுத்து, எண், வண்ணச் சேர்க்கை, பொருளின் வடிவம் எல்லாம் இன்று குறியாகலாம். ஒலியும் ஆகலாம்: முப்பது விநாடிக்கு மிகாத ஒலித்துண்டாகக் கொடுத்தால் போதும். இந்தியாவில் முதன்முதலாகப் பதிவான ஒலி, 2008இல், யாஹூ நிறுவனத்தின் கூவல்.

ஊர்ப் பெயர் யாருக்கு?

பொடிக் கடைக்காரரிடம் வருவோம். அவர் ‘கே.ஜி.எஃப். மசாலா’ என்று விண்ணப்பித்தால், பதிவாளர் சட்டத்தின் 9ஆம் பிரிவைக் காட்டுவார். ஒரு பொருளின் வகை, தரம், பயன், மதிப்பு, அது வரும் ஊர் ஆகியவற்றை மட்டும் சொல்லும் சொற்களைத் தனியொருவருக்கு எழுதித் தர முடியாது என்கிறது அது. காரணம் எளிது. தங்கவயலில் மசாலா அரைக்கும் ஒவ்வொருவருக்கும் ‘இது தங்கவயல் மசாலா’ என்று உண்மையைச் சொல்லும் தேவை இருக்கிறது. ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் ஊரின் பெயரைச் சொல்லவே அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

சிகரெட்டுக்குச் ‘சிம்லா’ என்று பெயர் வைத்து, பனிமலைப் படம் போட்டுப் பதிவு கேட்டது இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம். சிம்லாவில் சிகரெட் தொழில் இல்லையே என்பது அதன் வாதம். கல்கத்தா உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. நாடறிந்த ஊரின் பெயர், தன் இயல்பிலேயே ஒரு வியாபாரியைத் தனித்துக் காட்டக்கூடியது அல்ல என்றது. பொதுச் சொத்தாக விட்டுவைக்கப்படுவது ஊர்ப் பெயர் மட்டுமல்ல. ‘ராமாயண்’ என்று ஊதுபத்திக்குப் பெயர் வைத்துத் தனியுரிமை கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் தனக்கென எடுத்துக்கொள்ள முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிரோடு இருப்பவர் அல்லது இறந்து இருபது ஆண்டு ஆகாதவர் பெயரையோ படத்தையோ வைக்கப் போனால், அவருடைய அல்லது அவர் வாரிசுகளின் சம்மதத்தைப் பதிவாளர் கேட்கலாம். தலைவர் பெயரில், நடிகர் பெயரில் ஹோட்டல் தொடங்க ஆசைப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெயரில் பொதுச் சொல்லைச் சேர்ப்பதற்குத் தடை இல்லை. ‘கே.ஜி.எஃப்.’ என்பதோடு தனக்கே உரிய ஒரு சொல்லையோ படத்தையோ சேர்த்து முழுமையாக விண்ணப்பிக்கலாம். ஆனால் உரிமை கிடைப்பது அந்த முழுமைக்குத்தான். அதிலிருக்கும் ஊர்ப் பெயர் துண்டுக்கு அல்ல. தவிர 35ஆம் பிரிவு இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது: ஒருவர் தன் சொந்தப் பெயரையோ தன் கடை இருக்கும் இடத்தின் பெயரையோ நேர்மையாகப் பயன்படுத்தினால், பதிவு பெற்ற எவரும் அதைத் தடுக்க முடியாது. படம் எடுத்தவரானாலும் சரி, பதிவு வாங்கியவரானாலும் சரி, தங்கவயல்காரர் ‘தங்கவயலில் செய்தது’ என்று எழுதுவதை நிறுத்த முடியாது. ஒரு ஊரின் விளைபொருளையே அந்த ஊர்ப் பெயரோடு காக்க வேண்டுமென்றால், அதற்குப் புவிசார் குறியீடு என்ற தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது தனி முதலாளிக்கானது அல்ல. செய்கிறவர்கள் எல்லோருக்கும் கூட்டாகக் கிடைப்பது.

அப்படியானால் எந்தப் பெயர் எளிதில் பதிவாகும்? பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத சொல், அல்லது புதிதாக உருவாக்கிய சொல். ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் ‘கோடக்’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். எந்த மொழியிலும் அதற்கு அர்த்தம் இல்லை, அதனாலேயே அது பலமான குறி. தங்கவயலுக்கு அருகிலேயே, ஓசூரில் கடிகார ஆலை வைத்த ‘டைட்டன்’, டாட்டா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு என்பவற்றின் முதலெழுத்துகளைக் கோத்த பெயர். கிரேக்கப் புராணத்துப் பூதங்களின் பெயரும் அதுவே. கடிகாரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. நம் பொடிக் கடைக்காரர் ‘காரசார மசாலா’ என்று வைத்தால் திரும்பி வரும். சுரங்க வாழ்க்கையிலிருந்து எடுத்து ‘மூணாம் ஷிப்ட்’ என்று சாம்பார்ப் பொடிக்கு வைத்தால்? ராவேலை முடித்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு உடனே மனதில் ஒட்டும். ஆனால் அந்தச் சொல் மிளகாயையும் சொல்லவில்லை, மல்லியையும் சொல்லவில்லை. பதிவாளருக்குப் பிடிப்பது இந்த மாதிரிப் பெயர்தான். விற்கிறவர்கள் எப்போதும் தங்கள் பொருளை வர்ணிக்கும் பெயரையே தேடுகிறார்கள். சட்டமோ பொருளை வர்ணிக்காத பெயருக்குத்தான் மதிப்புக் கொடுக்கிறது.

வர்ணிக்கும் பெயருக்கும் ஒரு விலக்கு உண்டு. நெடுங்காலம் ஒருவரே பயன்படுத்தி, அந்தச் சொல்லைக் கேட்டாலே மக்களுக்கு அவர் கடைதான் ஞாபகம் வருகிறது என்றாகிவிட்டால் அதைப் பதிவு செய்யலாம். ஆனால் அந்த நிலை விண்ணப்பத் தேதிக்கு முன்பே வந்திருக்க வேண்டும். ரசீதும் விளம்பரமும் வைத்து நிரூபிக்கவும் வேண்டும்.

பட்டா ஒருவரிடம், அனுபவம் ஒருவரிடம்

நிலத்தகராறில் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள்: பட்டா யார் பேரில் இருக்கிறது? அனுபவம் யார் கையில் இருக்கிறது? பெயர்த் தகராறிலும் இதே இரண்டு கேள்விகள்தான். இந்தியச் சட்டம் இரண்டாம் கேள்விக்கு எவ்வளவு எடை கொடுக்கிறது என்பதைக் காட்டியது திருநெல்வேலி அல்வா.

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, மாலையில் மங்கலான விளக்கில் விற்கும் ஒரு கடைக்கு மக்களே ‘இருட்டுக்கடை’ என்று பெயர் வைத்தார்கள். 1900 முதல் நடந்து வரும் கடை. பின்னாளில் வேறொருவர் ‘திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா’ என்று விற்கத் தொடங்கினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எதிர்த்தரப்பிடமும் பதிவுச் சான்று இருந்தது. 2015இல் வந்த தீர்ப்பு, பதிவு பெற்றவருடைய உரிமையைவிட முன்பிருந்தே பயன்படுத்தி வருகிறவருடைய உரிமை மேலானது என்றது. பதிவு என்பது ஏற்கெனவே உண்டான ஓர் உரிமையை ஏற்றுக்கொள்கிறதே தவிர, புதிதாக ஓர் உரிமையைப் பிறப்பிப்பதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ‘திருநெல்வேலி’ ஊரின் பெயர், ‘அல்வா’ பண்டத்தின் பெயர், இரண்டும் பொது. நடுவில் நின்ற ‘இருட்டுக்கடை’ என்ற ஒரு சொல்லில்தான் நூறாண்டு நம்பிக்கை சேர்ந்து கிடந்தது.

லவேல் கதைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். தங்கம் எழுதி வாங்கியவருக்குப் போனது. பெயர் உழைத்து நிலைநாட்டியவரிடம் நிற்கிறது. சட்டத்தின் 34ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: மற்றவர் பதிவு செய்வதற்கும் பயன்படுத்துவதற்கும் முன்பிருந்தே ஒரு குறியைத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவரைப் பதிவைக் காட்டி நிறுத்த முடியாது.

பிறகு பதிவு எதற்கு என்று கேட்கலாம். நெல்லைக் கடைக்கு நூற்றாண்டுப் பெயர் இருந்தது. உச்ச நீதிமன்றம் வரை போய், தன் பெயர் எவ்வளவு பழையது, எவ்வளவு புகழ்பெற்றது, எதிராளி செய்தது எப்படி மக்களை ஏமாற்றுகிறது என்று அடுக்கடுக்காக நிரூபிக்க முடிந்தது. ராபர்ட்சன்பேட்டையில் ஐந்து வருடமாக நடக்கும் கடைக்கு அது ஆகிற காரியமா? பதிவு இல்லாதவர் வழக்குப் போட்டால், தன் பெயருக்கு நற்பெயர் இருக்கிறது என்பதை அவர்தான் காட்ட வேண்டும். அந்த நற்பெயர் அவரை அறிந்த வட்டாரத்தோடு நின்றுவிடும். பெங்களூரில் ஒருவர் அதே பெயரைத் தானாக வைத்தார் என்றால் வாதாடுவது கடினம். பதிவு பெற்றவருக்கு உரிமை நாடு முழுக்க உண்டு. சான்றிதழைக் காட்டினாலே முதல்நிலை ஆதாரம் ஆகிவிடும். தான் வசிக்கும் அல்லது வியாபாரம் செய்யும் ஊரின் மாவட்ட நீதிமன்ற நிலையிலேயே வழக்குத் தொடரலாம். எதிராளியின் ஊருக்கு அலைய வேண்டாம். அனுபவம் உரிமையைத் தருகிறது. பட்டா அந்த உரிமையைக் காப்பதற்கான செலவைக் குறைக்கிறது.

ஒரே பெயர், இரண்டு கடை

பதிவு என்றதும் அந்தச் சொல்லே தனக்குச் சொந்தம் என்று நினைக்கக் கூடாது. சொல் எந்தப் பொருளோடு சேர்கிறதோ, அந்தச் சேர்க்கைதான் சொந்தம். உலகத்துப் பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்த ஒரு பட்டியல் இருக்கிறது. 1957இல் பிரான்சின் நீஸ் நகரில் உருவான ஒப்பந்தத்திலிருந்து வந்தது. முதல் 34 பொருள்கள், மீதி 11 சேவைகள். மசாலாப் பொடி, காப்பி, மாவு எல்லாம் 30ஆம் வகுப்பு. ஊறுகாயும் பாலும் 29. நகை 14. உடை 25. மெஸ், ஹோட்டல் 43. கூட்டாளி போல ஒரே அலமாரியில் நிற்கும் பொடியும் ஊறுகாயும் பதிவேட்டில் வேறு வேறு வீட்டில் குடியிருக்கின்றன. பொடியும் ஊறுகாயும் விற்பவரே மெஸ்ஸும் நடத்தினால் மூன்று வகுப்பிலும் கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம்.

கர்நாடகத்தில் இதற்கு ஒரு பெரிய வழக்கு உண்டு. பால் உற்பத்தியாளர் கூட்டுறவு மகாமண்டலம் 1985 முதல் ‘நந்தினி’ என்று பால் விற்கிறது. கோலார் மாவட்டத்து வீடுகளுக்கும் காலையில் வருவது அந்தப் பைதான். பெங்களூரில் 1989 முதல் ‘நந்தினி டீலக்ஸ்’ என்று உணவகம் நடத்தியவர்கள் தங்கள் குறியை உணவுப் பொருள்களுக்குப் பதிவு செய்யக் கேட்டார்கள். மகாமண்டலம் எதிர்த்தது. மேல்முறையீட்டு வாரியத்திலும் உயர் நீதிமன்றத்திலும் அது வென்றது. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. நந்தினி என்பது யாரும் புதிதாக உண்டாக்கிய சொல் அல்ல, புராணத்துப் பசுவின் பெயர். இரு குறிகளும் பார்வைக்கு வேறு. ஒருவர் பால்காரர், மற்றவர் உணவகக்காரர் என்று சொல்லி, பாலும் பால் பொருளும் மட்டும் நீக்கிப் பதிவை அனுமதித்தது. சாதாரணச் சொல்லை எடுத்தவருக்கு வேலி குறுகலாகத்தான் கிடைக்கும் என்பது இதிலிருந்து வரும் பாடம். 

இரண்டு பெயர்கள் குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கின்றனவா என்பதை எப்படி அளப்பது? பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாப் பெயரிலும் வித்தியாசம் தெரியும். வாங்குகிறவர் அப்படிப் பார்ப்பதில்லை. போன மாதம் வாங்கியதன் மங்கிய ஞாபகத்தோடு கடைக்கு வருகிறார். ‘அமிர்ததாரா’, ‘லக்ஷ்மண்தாரா’ என்ற இரண்டு மருந்துகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: சராசரி அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள ஒரு சாதாரணக் கிராமத்தார் ஏமாறுவாரா என்று பார்க்க வேண்டும். அதில் ஓசைக்கு எழுத்தைவிட வலிமை அதிகம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் ஒரே தெருவில் புழங்கும் தங்கவயலில் இது முக்கியம். எழுத்தை மாற்றி எழுதிவிட்டால் பெயர் மாறிவிடாது. காதுக்கு ஒன்றாகக் கேட்டால் ஒன்றுதான்.

விண்ணப்பம் நடக்கும் வழி

முதல் வேலை தேடல். இந்திய அறிவுசார் சொத்து அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். நினைத்த சொல்லை மட்டும் தேடினால் போதாது. அதே ஓசையில் வேறு விதமாக எழுதியவற்றையும், தன் வகுப்பையும், பக்கத்து வகுப்புகளையும் பார்க்க வேண்டும். பலகைக்குப் பெயின்ட் அடித்து, பாக்கெட் அச்சடித்துவிட்டுத் தேடுகிறவர்கள்தான் பிறகு தவிக்கிறார்கள்.

டிரேட்மார்க் பதிவகத்தின் தலைமை மும்பையில் இருக்கிறது. டெல்லி, கொல்கத்தா, அகமதாபாத், சென்னையில் கிளைகள். கர்நாடகம் சென்னைக் கிளைக்குள் வருகிறது. ஆக தங்கவயல்காரரின் விண்ணப்பம் பெங்களூரில் அல்ல, சென்னை கிண்டி அலுவலகத்தில் தாக்கலாகும். புவிசார் குறியீட்டுப் பதிவகமும் சென்னையில்தான். எல்லாம் இணையவழி என்பதால் நேரில் போக வேண்டியதில்லை. வக்கீலோ முகவரோ கட்டாயமில்லை. வைத்துக்கொண்டால் அவர்களுக்கு அதிகாரப் பத்திரம் தர வேண்டும்.

படிவத்தின் பெயர் டி.எம்.-ஏ. தனிநபர், ஸ்டார்ட்-அப், சிறுநிறுவனம் என்றால் இணையத்தில் வகுப்பு ஒன்றுக்கு ரூ. 4,500, மற்ற நிறுவனங்களுக்கு ரூ. 9,000. காகிதத்தில் கொடுத்தால் ரூ. 5,000, ரூ. 10,000. கம்பெனி ஆரம்பித்தால்தான் டிரேட்மார்க் என்பதில்லை. தன் சொந்தப் பெயரில் கடை நடத்துபவரும் விண்ணப்பிக்கலாம். சிறுநிறுவனச் சலுகை கேட்பவர் உத்யம் சான்றிதழை இணைக்க வேண்டும். குறியில் தமிழோ கன்னடமோ இருந்தால், அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும். வெறும் சொல்லாகக் கேட்பதா, வடிவமைத்த லோகோவாகக் கேட்பதா என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. சொல்லாகக் கிடைத்தால் எந்த எழுத்து வடிவில் எழுதினாலும் பாதுகாப்பு வரும். லோகோவாக மட்டும் கேட்டால் நாளை லோகோவை மாற்றும்போது சிக்கல் வரும்.

படிவத்தில் சாதுவாகத் தெரிந்தாலும் கனமான ஒரு கட்டம் உண்டு: எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்? இதுவரை இல்லை என்றால் ‘இனிப் பயன்படுத்த உத்தேசம்’ என்று எழுதலாம். பழைய தேதி எழுதினால் உறுதிமொழிப் பத்திரமும் ஆதாரமும் வேண்டும். முன்பே சொன்ன அனுபவ உரிமை முழுவதும் இந்தத் தேதியைத்தான் பிடித்துத் தொங்குகிறது. எனவே பழைய பில் புத்தகம், பிரஸ் ரசீது, நோட்டீஸ், திருவிழா மலரில் கொடுத்த விளம்பரம் எதையும் எடைக்குப் போடக் கூடாது.

விண்ணப்ப எண் உடனே கிடைக்கும். அதன்பின் பதிவகத்தின் ஆய்வாளர் 9, 11ஆம் பிரிவுகளின்படி சோதிப்பார்: பெயர் தனித்தன்மை உடையதா, முன்பே இருக்கும் குறியோடு மோதுகிறதா? ஐயம் இருந்தால் ஆட்சேபணையோடு அறிக்கை வரும். கிடைத்த ஒரு மாதத்துக்குள் பதில் எழுத வேண்டும். தேவைப்பட்டால் நேர்விசாரணையும் உண்டு. இந்த ஆட்சேபணையைக் கண்டு, ‘யாரோ நம் மேல் கேஸ் போட்டுவிட்டார்கள்’ என்று பலர் பதறுகிறார்கள். இது அலுவலகம் கேட்கும் விளக்கம், அவ்வளவுதான். வெளியாளின் எதிர்ப்பு வருவது அடுத்த கட்டத்தில். ஏற்கப்பட்ட குறி, வாரந்தோறும் திங்கட்கிழமை வெளிவரும் டிரேட்மார்க் இதழில் இடம்பெறும். அந்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எதிர்ப்பு வந்தால், அறிவிப்பு கையில் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும். கடை வேலையில் மூழ்கி மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டதால் மட்டும் இழந்த பெயர்கள் உண்டு. எதிர்ப்பு இல்லையென்றால் சான்றிதழ் வரும். உரிமை சான்றிதழ் வந்த நாளிலிருந்து அல்ல, விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்காகும்.

பெயருக்குப் பக்கத்தில் டி.எம். என்ற சிறு எழுத்தை யாரும் போட்டுக்கொள்ளலாம்; ‘இது என் குறி’ என்ற அறிவிப்பு மட்டுமே அது. வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவானபின்தான். பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டுவது சட்டப்படி குற்றம்.

தேயாத சொத்து

கண்டுபிடிப்புக்குத் தரும் காப்புரிமை இருபது ஆண்டில் முடிகிறது. எழுத்தாளரின் பதிப்புரிமை அவர் இறந்து அறுபது ஆண்டில் முடிகிறது. டிரேட்மார்க் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் முடிவே இல்லாமல் போகும். இணையவழிப் புதுப்பிப்புக்கு வகுப்பு ஒன்றுக்கு ரூ. 9,000. 1876இன் சிவப்பு முக்கோணம் இன்னும் பிரிட்டிஷ் பதிவேட்டில் இருக்கிறது. காரணம், இங்கே காக்கப்படுவது பெயரைக் கண்டுபிடித்தவருக்கான பரிசு அல்ல. வாங்குபவர் ஏமாறாமல் இருப்பது. அந்த ஆபத்து கடை நடக்கும்வரை இருக்கிறது, ஆகவே காப்பும் இருக்கிறது. பூமியிலிருந்து எடுக்க எடுக்கத் தாது குறையும், மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் போனபின் கட்டுப்படியும் ஆகாது. பெயரோ எடுத்தாள எடுத்தாள ஏறுகிறது.

அதன் மறுபக்கமும் உண்டு. பதிவு செய்த பெயரைத் தொடர்ந்து ஐந்து ஆண்டு பயன்படுத்தாமல் விட்டால், அதனால் பாதிக்கப்பட்டவர் விண்ணப்பித்து அதைப் பதிவேட்டிலிருந்து நீக்க வைக்கலாம். நல்ல பெயர்களை எல்லாம் முன்கூட்டி வளைத்துப் போட்டு, பிறகு விலை பேச நினைக்கிறவருக்குச் சட்டம் வைத்த செக் அது. நிலத்தைத் தரிசாகப் போட்டுக்கூட பட்டாவை வைத்திருக்கலாம். பெயரைத் தரிசாகப் போட முடியாது.

தங்கவயலில் சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்தும், பத்திரம் கையில் இல்லாமல் கவலைப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ. அந்த ஊருக்குக் காகிதத்தின் அருமையை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். வீட்டுப் பத்திரம் மேலே இருக்கிறவர்கள் மனது வைத்தால்தான் வரும். கடைப் பெயரின் பத்திரம் அப்படி இல்லை. கடைக்காரரே கேட்கலாம், கைப்பேசியிலேயே தேடலாம், நாலாயிரத்து ஐநூறு ரூபாயில் தொடங்கலாம். ஊர்ப் பெயரைப் பொதுவில் விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் தனக்கென்று ஒரு சொல்லை மட்டும் அவர் யோசித்து வைத்தால் போதும்.